கைமாறாத பட்டறை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு நண்பர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அடுத்த அறிக்கை வாசிப்பதற்குள் குறைந்தது ஒரு நிறுவனமாவது அதில் வேலை செய்பவர்கள் கைக்கு வந்திருக்கும் என்று, உரிமை பரவலாக வேண்டும் என்று சொல்லிவரும் நம் சங்கத்தின் போன பொதுக்குழுவில் நான் சொன்னது மினிட்ஸ் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. வரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடத்திய கூட்டம் இத்தனை, அடித்த துண்டறிக்கை இத்தனை என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தில் அதை ஒளித்துவைத்த மாதிரி ஆகிவிடும்.

வழக்கமான விவரங்கள் சுருக்கமாக. நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடியது, இரண்டு மாதம் கூட்டத்துக்குத் தேவையான ஆள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். படிப்பு வட்டம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. சந்தா பாக்கி எப்போதும் போலத்தான்.

இனி அந்தப் பட்டறை. ஆண்டின் முக்கால்வாசி நேரம் அதற்குத்தான் போனது, ஆகவே இந்த அறிக்கையிலும் முக்கால்வாசி அதுதான்.

லேத், மில்லிங் மெஷின் வைத்து உதிரி பாகங்கள் செய்யும் சிறிய இடம். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், விற்றுவிடலாம் என்ற நினைப்பில் இருந்தார். அங்கே நெடுநாளாக லேத் ஓட்டும் டர்னர் ஒருவர் நம் துண்டறிக்கையைப் படித்துவிட்டுத் தேடி வந்தார். "நாங்களே வாங்கலாம்னு போட்டிருக்கீங்களே, பணம் யார் கொடுப்பா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அதற்குப் பதில் நம்மிடம் தயாராக இருந்தது. லூயிஸ் கெல்சோ என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1956இல் கலிபோர்னியாவில் ஒரு பத்திரிகை நிறுவனத்துக்குச் செய்துகாட்டிய வழியைத்தான் சொன்னோம். தொழிலாளி தன் சேமிப்பைப் போட வேண்டியதில்லை. அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை கடன் வாங்கி முதலாளியின் பங்குகளை வாங்கும், நிறுவனம் இனிமேல் ஈட்டும் வருமானத்திலிருந்து அந்தக் கடன் அடையும், அடைய அடையப் பங்குகள் ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறும். பணக்காரர்கள் சொத்து வாங்குவதே இப்படித்தானே, சொத்தின் வருமானத்திலேயே சொத்தின் கடனை அடைக்கிறார்கள், அந்த வசதி கூலிக்காரனுக்கு மட்டும் ஏன் கிடையாது என்பதுதான் கெல்சோவின் வாதம். 1974இல் அமெரிக்க ஓய்வூதியச் சட்டம் இதற்கு முறையான இடம் கொடுத்தது. செனட்டர் ரஸ்ஸல் லாங் அதற்குப் பின்னால் நின்றார்.

டர்னர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் இரண்டாவது கேள்வி: "நாளைக்கு நான் வயசாகிப் போறப்ப என் பங்கை யாருங்க வாங்குவாங்க?"

நம்மிடம் பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். இத்தனை வருடம் மேடை போட்டுப் பேசிய நமக்கு இது தெரியவில்லையே என்று எனக்கு அன்று வெட்கமாகவே இருந்தது, ஏனென்றால் உட்கார்ந்து படிக்கப் படிக்க இந்த விஷயத்தில் பாதி அந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது என்று புரிந்தது. சந்தையில் விற்காத பங்கு என்றால் வெளியே போகிறவரிடமிருந்து நிறுவனமேதான் திரும்ப வாங்க வேண்டும். வயதானவர்கள் ஐந்தாறு பேர் ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றால் அவர்களுக்குக் கொடுக்கும் பணமே நிறுவனத்தைக் கவிழ்த்துவிடலாம், ஆகவே முதல் வருடத்திலிருந்தே அதற்கென்று தனியாக எடுத்துவைக்க வேண்டும். ஸ்பெயினின் மோன்ட்ராகன் கூட்டுறவுகளில் பங்கை வெளியாருக்கு விற்கும் பேச்சே கிடையாது. ஒவ்வொருவர் பெயரிலும் உள்ளே ஒரு மூலதனக் கணக்கு இருக்கிறது, லாபத்தில் ஒரு பகுதி அதில் ஏறுகிறது, ஓய்வு பெறும்போது அதை எடுத்துக்கொள்ளலாம். கணக்கில் எவ்வளவு இருந்தாலும் ஓட்டு மட்டும் ஆளுக்கு ஒன்று.

இதற்கு நேர் எதிரானது ரஷ்யா. அரசு நிறுவனங்களைத் தனியாருக்கு மாற்ற 1992இல் பத்தாயிரம் ரூபிள் முகமதிப்புள்ள பங்குச் சீட்டுகளைக் குடிமக்களுக்கெல்லாம் விநியோகித்தார்கள், குழந்தைகளுக்கும் உண்டு. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரம், வீட்டில் அடுத்த வாரச் செலவுக்குக் காசில்லை. ஏராளமானவர்கள் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார்கள், வாங்கிக் குவித்தவர்கள் கொஞ்ச பேர். விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பங்கைக் கையில் கொடுக்க ஒரு நாள் போதும். அது பத்து வருடம் கழித்தும் அதே ஆட்களிடம் இருக்க என்ன விதி வைத்திருக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஆண்டு எனக்குத் தெளிவானது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இன்னும் குழப்பம்தான்.

சரி, பட்டறைக்கு வருவோம். முதலாளி, நல்ல மனிதர், கணக்குகளைக் காட்டச் சம்மதித்தார். பேலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தோம். என்னைக் கேட்டால் இந்த ஆண்டு சங்கம் செய்த உருப்படியான காரியம் அந்த ஒரு மாலைதான். அங்கே யாரும் அதுவரை தங்கள் நிறுவனத்தின் கணக்கைப் பார்த்ததே இல்லை. இயந்திரங்களுக்கு எதிரே இருந்த தொகையை நம் கணக்காளர் நண்பர் வாசித்ததும் டர்னர் சிரித்துவிட்டார். அவர் தினமும் காலையில் எண்ணெய் விட்டு, துடைத்து, தலைமுடி கனத்துக்குக் கடைந்துகொண்டிருக்கும் லேத்துக்குப் புத்தகத்தில் ஏறக்குறைய மதிப்பே இல்லை, வருடாவருடம் தேய்மானம் என்று கணக்கில் கழித்தே எல்லாம் போய்விட்டது. "அப்ப இதை நாங்க சும்மா எடுத்துக்கலாமா?" என்றார் ஒரு இளைஞர். புத்தக மதிப்பு வேறு, சந்தை விலை வேறு, அந்த இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த கையும் சேர்ந்து இனி சம்பாதிக்கப்போவதன் மதிப்பு வேறு என்று விளக்க அன்று இரவாகிவிட்டது.

அதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும், இரண்டு மாதம் கழித்துச் செய்தோம். அந்த இரண்டு மாதமும் பட்டறையை வாங்கப்போகும் அமைப்புக்குத் துணைவிதி எழுதுவதில் போயிற்று: ஓட்டு ஆளுக்கு ஒன்றா, பங்குக்கு ஒன்றா, நிர்வாகக் குழுவில் எத்தனை பேர், புதிதாகச் சேருபவர் எப்போது உறுப்பினர் ஆவார். சுவாரசியமான விவாதங்கள்தான், நானும் ஆசையாகப் பேசினேன். ஆனால் முதலாளியைச் சந்தித்து உங்களுக்கு எப்போதைக்குள் முடிய வேண்டும், உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று கேட்கவில்லை.

கேட்டபோதுதான் தெரிந்தது, பட்டறையின் அன்றாடச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு அவர் தன் சொந்த வீட்டைப் பிணையாக வைத்திருக்கிறார். விற்றுவிட்டு வெளியேறும் மனிதர் வீட்டை அடகில் விட்டுவிட்டுப் போவாரா? அவரை விடுவிக்க வேண்டுமானால் அந்த இடத்தில் வேறு பிணை வேண்டும். கடன் கொடுக்கும் இடத்துக்கு டர்னரோடு நானும் போனேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை, எங்கே போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். விண்ணப்பத்தில் உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு. டர்னர் பேனாவை வாங்கி எல்லார் பெயரையும் பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தார், கோடு முடிந்து ஓரத்தில் ஏறி, தாளின் பக்கவாட்டில் திரும்பி, கடைசிப் பெயர் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பொறுப்பு யாரு? ஒரு ஆளைச் சொல்லுங்க" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, கடன் நின்றால் பிடிப்பதற்கு அவருக்கு ஒரு கழுத்து வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பொறுப்பு என்பது அவருடைய படிவத்தில் யாரும் பொறுப்பில்லை என்றுதான் வாசிக்கப்படுகிறது.

மோன்ட்ராகன்காரர்கள் 1956இல் முதல் தொழிற்சாலையை ஆரம்பித்து, 1959லேயே சொந்தமாக ஒரு வங்கியை ஏன் தொடங்கினார்கள் என்பது எனக்கு அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது. அதற்கும் முன்னால், 1943லேயே, அரிஸ்மெந்தியாரியெட்டா என்ற பாதிரியார் அங்கே ஒரு தொழிற்பள்ளி தொடங்கிவிட்டார். முதலில் பள்ளி, அப்புறம் ஆலை, அப்புறம் வங்கி. நாம் துணைவிதியில் ஆரம்பித்தோம்.

முதலாளியால் காத்திருக்க முடியவில்லை, அதே தொழிலில் இருக்கும் வேறொருவருக்கு விற்றுவிட்டார். யாருக்கும் வேலை போகவில்லை. டர்னர் அதே லேத்தில்தான் நிற்கிறார்.

இத்தாலியில் 1985இல் வந்த மார்கோரா சட்டம் போல ஒன்று இருந்தால் கதை மாறியிருக்கலாம் என்று துணைத்தலைவர் அடிக்கடி சொல்வார். மூடப்போகும் நிறுவனத்தைத் தொழிலாளர்கள் கூட்டுறவாக எடுத்து நடத்த நிதி ஏற்பாடு செய்யும் சட்டம் அது. பிரிட்டனில் 2014 முதல், பாதிக்கு மேற்பட்ட பங்கைத் தொழிலாளர் அறக்கட்டளைக்கு விற்கும் முதலாளிக்கு வரிச் சலுகை உண்டு. சட்டம் இருந்தால் நல்லதுதான். ஆனால் சட்டம் இல்லாததால்தான் தோற்றோம் என்று நான் எழுத மாட்டேன், தாமதமாகப் போனதால் தோற்றோம்.

படிப்பு வட்டத்தில் இந்த ஆண்டு தோற்றுப்போன கதைகளையே அதிகம் எடுத்தோம். புதிதாக வருபவர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்று சிலருக்குக் கோபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சவுத் பெண்ட் லேத் கதையை வாசித்த அன்றுதான் டர்னர் பட்டறையிலிருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். 1975இல் அந்த அமெரிக்க நிறுவனத்தைத் தொழிலாளர்கள் கெல்சோ வழியில் வாங்கினார்கள், 1980இல் அவர்களே அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள்! பங்கு அவர்களுடையது, நிர்வாகத்தில் பேச்சு அவர்களுடையது இல்லை. யுனைடெட் விமான நிறுவனத்தில் 1994இல் சம்பளத்தை விட்டுக்கொடுத்து 55 சதவீதப் பங்கு வாங்கினார்கள், 2002 டிசம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தில் ஓய்வுக்கால சேமிப்பையும் அதே நிறுவனத்தின் பங்கிலேயே வைத்திருந்தவர்களுக்கு 2001இல் அது திவாலானபோது வேலையும் சேமிப்பும் சேர்ந்தே போயின. மோன்ட்ராகனிலும் ஃபாகோர் என்ற வீட்டுச் சாதனக் கூட்டுறவு 2013இல் விழுந்தது, ஆனால் அங்கே பலருக்குப் பக்கத்துக் கூட்டுறவுகளில் இடம் கிடைத்தது. நான்கு கதைகளையும் கேட்டுவிட்டு அந்த நால்வரில் ஒருவர் கேட்டது, "அப்ப நம்ம சேமிப்பு வேற இடத்துல இருக்கணும், ஓட்டு இங்க இருக்கணும், அதானே?" அதேதான், நான் இதைச் சொல்ல மூன்று பக்கம் எழுதியிருந்தேன்.

பொதுமக்கள் பங்குடைமைக்கான துணைக்குழு இரண்டே முறைதான் கூடியது. முதல் கூட்டம் அலாஸ்கா பற்றி. எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை நிரந்தர நிதியாக ஒதுக்க 1976இல் மாநில அரசமைப்பையே திருத்தினார்கள், 1982இல் முதல் ஈவுத்தொகையாகத் தலைக்கு 1000 டாலர் வந்தது, குழந்தைகளுக்கும் சேர்த்து. அங்கே யாரிடமும் விற்கக்கூடிய பங்கு இல்லை, ஆகவே யாரும் அதை இழக்கவும் இல்லை. இரண்டாவது கூட்டம் சுவீடனில் ருடால்ஃப் மெய்ட்னர் முன்வைத்த திட்டம். பெரிய நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பகுதியைப் புதுப் பங்குகளாகத் தொழிலாளர் நிதிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது 1970களின் யோசனை. 1983 அக்டோபரில் முதலாளிகள் தரப்பு ஸ்டாக்ஹோமில் பெரும் ஊர்வலமே நடத்தியது, நீர்த்துப்போன வடிவில் சட்டம் வந்தது, 90களின் தொடக்கத்தில் அதையும் கலைத்துவிட்டார்கள். பங்கு நிதியின் பெயரில் இருந்தது, தனி ஆளின் பெயரில் இல்லை, அதனால் பறிபோனபோது இது என் சொத்து என்று தெருவுக்கு வர ஆளில்லை என்பது என் கருத்து. துணைக்குழுத் தலைவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, அவருடைய மறுப்பைத் தனியாக இணைத்திருக்கிறேன்.

நம் வீட்டு விஷயம் ஒன்று. உரிமை பரவலாக வேண்டும் என்று ஊருக்குச் சொல்லும் இந்தச் சங்கத்தின் அலுவலகச் சாவி மூன்று பேரிடம்தான் இருக்கிறது, அதில் ஒருவன் நான். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்குத் தோதான நேரத்தில் ஒரு பொதுக்கூட்டம்கூட வைக்கவில்லை. வைக்கச் சொல்லி எழுதிய கடிதத்துக்கு நான் பதிலும் போடவில்லை, அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று ஓட்டுக்கு வரும் தீர்மானங்கள் இரண்டு. ஓய்வு பெறும் வயதை நெருங்கும் சிறு முதலாளிகளை விற்கும் நாளில் போய்ப் பார்க்காமல் மூன்று வருடம் முன்பே போய்ப் பார்ப்பதற்கு ஒரு குழு. அடுத்தது, உறுப்பினர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சேர்க்கும் பிணை நிதி. அதிகாரி ஒரு ஆளைக் கேட்டால் அந்த ஒரு ஆளாக இந்த நிதி நிற்கும். எடுத்த எடுப்பிலேயே சொல்கிறேன், கடன் நின்றால் போட்ட பணம் போகும், சட்ட ஆலோசனை வாங்காமல் ஒரு காசு வசூலிக்கக் கூடாது.

செயலாளர் பதவிக்கு நான் மறுபடி நிற்கவில்லை. டர்னரை நிர்வாகக் குழுவுக்கு முன்மொழிந்திருக்கிறேன். அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை, முதலில் சங்கத்தின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்க வேண்டுமாம். பொருளாளர் அடுத்து அதைத்தான் வாசிக்கப்போகிறார்.