வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் தென்படும் கட்டிகள் குறித்து ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, கல்முனை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், இங்கு கடமையாற்றும் சத்திரசிகிச்சை, கதிரியல் வைத்திய நிபுணர்களுக்கும்,

வணக்கம்.

வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து உள்ளே கட்டியொன்று தென்பட்டால், அது இரத்த ஓட்டம் தடைப்பட்டு இறந்துபோன கொழுப்பாகவும் இருக்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே கருத்திற் கொள்ளுமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

குடலின் முன்னே முன்றானைபோல் தொங்கும் கொழுப்புத் திரையைச் சத்திரசிகிச்சையின்போது விலக்கவோ வெட்டவோ நேரிடுகிறது. அதில் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்லாமற் போனால் அக்கொழுப்பு இறந்து, சுற்றிலும் அழற்சி உண்டாகி, காலப்போக்கில் நார்த்திசு உறையொன்று அதை மூடிக்கொள்கிறது. சிலருக்கு வலி இருக்கும்; சிலருக்கு எந்த அறிகுறியும் இராது. இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் தெளிவான விடை தருவதில்லை. சி.ரி. ஸ்கேனில் நடுப்பகுதி கொழுப்பின் அடர்த்தியுடன், அதாவது ஏறத்தாழ −100 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு (சி.ரி. ஸ்கேனில் அடர்த்தியை அளக்கும் அலகு; நீருக்கு 0) அளவில், தெரிவதே முக்கியமான தடயம். ஆயினும் பரவிய புற்றுநோய், கொழுப்புத் திசுப் புற்று, சீழ்க்கட்டி ஆகியவையும் சில வேளைகளில் இதே தோற்றத்தைக் காட்டக்கூடும். புற்றுநோயைத் தேட எடுக்கப்படும் பெற் ஸ்கேனில்கூட, இறந்த கொழுப்பு அழற்சியின் காரணமாகப் புற்றுநோய்போல் ஒளிர்ந்து ஏமாற்றக்கூடும். அப்போது காலந்தான் வேறுபாட்டைக் காட்டுகிறது: இறந்த கொழுப்பு பெரும்பாலும் மெல்லச் சுருங்கும், சில வேளை சுண்ணாம்பு படியும், புற்றுநோயோ வளரும். ஆகவே பழைய படம் இல்லாமல் புதிய படத்தை வாசிப்பது அரைகுறை வாசிப்பே.

பெருங்குடல் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்த என் தாயாரின் ஸ்கேன் விண்ணப்பப் படிவத்தில் ‘வயிற்று வலி’ என்ற இரு சொற்களே எழுதப்பட்டிருந்தன. நோய் மீண்டும் வந்திருக்கலாம் என்று அறிக்கை வந்தது. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக ஆயத்தமானோம்; அம்மா சாப்பாட்டையே வெறுத்துவிட்டார். வீட்டிலிருந்த பழைய படங்களோ பொலித்தீன் பைக்குள் ஈரம்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பின்னர் ஒரு நிபுணர் பொறுமையாக முந்தைய பதிவைத் தேடியெடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, இது இறந்த கொழுப்பாகவே தெரிகிறது என்றார். அடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. வலிமாத்திரைக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

சந்தேகம் நீங்காதபோது திசுப் பரிசோதனை அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. புற்றுநோயைத் தவறவிடுவது இதைவிடப் பெரிய கேடு. நான் கேட்பது அதற்கு முந்தைய படியை. என்ன சத்திரசிகிச்சை, எப்போது, கொழுப்புத் திரை வெட்டப்பட்டதா என்பவை நோய் நிர்ணய அட்டையிலும், பின்னர் எழுதப்படும் ஒவ்வொரு ஸ்கேன் விண்ணப்பத்திலும் கட்டாயம் இடம்பெற வேண்டும். படங்களின் இறுவட்டொன்றை நோயாளியிடம் கொடுத்து, பிரதியொன்றை வைத்தியசாலையிலும் பேண வேண்டும். கல்முனையில் எடுத்த படத்தை மட்டக்களப்பில் பார்க்க வழியிருக்க வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணரும் கதிரியல் நிபுணரும் படத்தை ஒன்றாகப் பார்த்த பின்னரே, நோய் திரும்பிவிட்டது என்ற செய்தி, நோயாளிக்கு விளங்கும் தமிழில், அவருடைய குடும்பத்தினரிடம் சொல்லப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்,
களுவாஞ்சிக்குடி.