தையல் பள்ளிக்கூடத்துக்காகக் கைகொடுத்தவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டை அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

நம் தெருவில் முன்பு இயங்கிய பெண்கள் தையல் பள்ளியின் படங்களையும் பொருள்களையும் போன ஞாயிற்றுக்கிழமை அதன் தாழ்வாரத்திலேயே பார்வைக்கு வைத்தோம். 1968-ல் என் அம்மா தையல் பழகிய இடம் அது. நாற்பது பேர் வந்தாலே போதும் என்றிருந்தேன். மதியத்துக்குள் செருப்பு விட இடமில்லை.

முதல் நன்றி மேஸ்திரி ஐயாவுக்கு. மே மாதத்திலும் அந்த ஹால் ஏன் அனலடிப்பதில்லை என்று கேட்டேன். எழுபது வயதுக்கு மேல், ஏணி போட்டு ஏறிக் காட்டினார். தேக்கு உத்தரங்களின் மேல் அச்சுக்கல் என்கிற மெல்லிய சின்னச் செங்கற்களைச் சாய்வரிசையாக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டியிருக்கிறார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்களாம். அப்புறம்தான் மேலே தட்டையான ஓடு. இதுதான் மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய கூரை; இந்தத் தடிப்புதான் வெயிலைச் சட்டென்று உள்ளே விடாது. "கம்பியும் கெடையாது, சிமென்டும் கெடையாதும்மா, எல்லாம் கை வேலை" என்று சொன்னபோது அவர் குரல் கம்மியது.

அளவெடுத்து வரைபடம் போட்டுத் தந்த கட்டடக்கலை மாணவர்களே, பெரிய ஜன்னல்கள் எல்லாம் ஏன் வடக்குப் பக்கமே இருக்கின்றன என்று நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. வடக்கு வெளிச்சம் ஆண்டின் பெரும்பகுதி நேர் வெயிலில்லாமல் சீராக விழும். ஊசியில் நூல் கோர்க்கிற கண் கூசாது. சூரியன் வடக்கே சாய்கிற மே, ஜூன், ஜூலை மாதங்களுக்குத்தான் ஜன்னலுக்கு மேலே அந்த மரத் தடுப்பு. கட்டியவர் தையல்காரிகளை நினைத்துத்தான் கட்டியிருக்கிறார். இத்தனை வருஷம் அந்த வழியாக நடந்தும் எனக்கு இது தோன்றவில்லை.

நம் பேட்டையில் ஏன் தையல் பள்ளி என்பதை விளக்கிய ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியருக்கும் நன்றி. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை; 1717 முதல் 1720 வரை கம்பெனியின் மெட்ராஸ் கவர்னராக இருந்த காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட்பேட்டை, வாய்வழக்கில் காலடிப்பேட்டை. துணியால் வளர்ந்த ஊர் இது என்று அவர் சொன்னதைக் கேட்டு நின்ற பிள்ளைகள் நகரவே இல்லை.

அப்புறம், மாதிரி நோட்டைக் கொண்டுவந்த ஆயா. ஹெம்மிங், காஜா, ஸ்மாக்கிங், டார்னிங் என்று ஒவ்வொரு தையல் வகைக்கும் பக்கத்துக்கு ஒரு துணித்துண்டு, ஓரத்தில் டீச்சரின் சிவப்பு மை. கணவர் போன பிறகு தையலில் லோயர், ஹையர் என்கிற இரண்டு நிலை அரசுத் தேர்வும் எழுதி, பயிற்சியும் முடித்துத் தையல் டீச்சரானவர். இரண்டு பிள்ளைகளையும் அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்தாராம். நோட்டைப் பத்திரமாக ஸ்கேன் செய்துவிட்டேன் ஆயா, வருகிற சனிக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.

கேட்டதும் பூட்டைத் திறந்துவிட்ட இடத்துக்காரருக்கும், நாள் முழுக்கக் காசு வாங்காமல் டீ கொடுத்த கடைக்கார அண்ணனுக்கும் நன்றி.

யாரோ ஒரு அக்கா தன் பழைய கத்தரிக்கோலை மேஜையிலேயே விட்டுப் போயிருக்கிறார். பிடியில் பச்சைத் துணி சுற்றியிருக்கிறது. என்னிடம்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.