இரண்டு சேர்வர்களுக்கு நடுவே மறைந்திருக்கும் முட்டுக்கட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

பல கிளைகளைக் கொண்ட நிறுவனங்களின் கருமபீடத்தில் ‘சிஸ்டம் வேலை செய்யவில்லை, நெட்வேர்க் பிரச்சினை’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பாதவர்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் குறைவு. சில வேளைகளில் அந்தப் பதில் உண்மையாகவே இருக்கும். ஆனால் கிளைக்கொரு சேர்வர் வைத்துத் தரவைப் பிரித்து வைத்திருக்கும் இடங்களில், வலையமைப்பு நன்றாக இயங்கும்போதே வேலை நின்றுபோவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை எவரும் தேடுவதில்லை என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பழைய கல்லடிப் பாலத்தில் பயணம் செய்தவர்களுக்கு அக்காரணத்தை விளக்குவது எளிது. 2013 இல் அருகிலே புதிய பாலம் திறக்கப்படும் வரை, ஒரு கரை வாகனங்களை நிறுத்தி மறு கரை வாகனங்களை விடுவதே அங்கு வழக்கம். இரு கரையிலிருந்தும் ஒரே வேளையில் வாகனங்கள் ஏறிவிட்டால், எவ்வளவு நேரம் பொறுத்திருந்தாலும் வழி பிறக்காது. யாராவது ஒருவர் பின்னோக்கிப் போயே ஆக வேண்டும். தரவுத்தளத்திலும் இதுவே நிகழ்கிறது. ஒரு பரிவர்த்தனை, அதாவது ஒன்றாகவே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுதி, தான் மாற்றும் பதிவை வேறெதுவும் தொடாதபடி பூட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு பரிவர்த்தனை பூட்டிய பதிவுக்காகக் காத்திருக்கிறது. அந்த இன்னொன்றோ முதலாவது பூட்டியதற்காகக் காத்திருக்கிறது. துறையினர் டெட்லொக் என்று சொல்லும் இந்த முட்டுக்கட்டை நிலை உருவாவதற்கு வேண்டிய நான்கு நிபந்தனைகளை கொஃப்மன், எல்ஃபிக், ஷொஷானி ஆகிய மூவரும் 1971 இலேயே வரையறுத்துவிட்டார்கள். அவற்றில் நான்காவது, காத்திருப்பு வட்டமாக மூடிக்கொள்வது.

ஆனால் பாலத்தில் எதிரெதிரே நிற்கும் சாரதிகள் ஒருவரையொருவர் காண்கிறார்கள். இரண்டு சேர்வர்களில் பரவியிருக்கும் வட்டத்தை எந்தச் சேர்வரும் முழுமையாகக் காண்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நான் பணிபுரிந்தேன். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்குத் தனித்தனிச் சேர்வர்கள் இருந்தன. பெரும்போகத் தொடக்கத்தில் உர மூடைகளை ஒரு களஞ்சியத்தின் கணக்கிலிருந்து மற்றதன் கணக்குக்கு மாற்றும் வேலை நாளெல்லாம் நடக்கும். மட்டக்களப்பில் தொடங்கும் மாற்றம் முதலில் தன் இருப்பைப் பூட்டிப் பிறகு கல்முனை இருப்பைக் கேட்கும். கல்முனையில் தொடங்குவது இதற்கு நேரெதிராகச் செய்யும். விவசாயிகள் லொறியோடு வெயிலில் நிற்க, திரை அசையாமல் நிற்கும். வாரக்கணக்காக இணைய இணைப்பையே குறை சொன்னோம். ஒருநாள் இரவு இரு சேர்வர்களின் காத்திருப்புப் பட்டியல்களையும் அச்செடுத்து மேசையில் அருகருகே வைத்து, யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று அம்புக்குறி போட்டுப் பார்த்தபோதுதான் வட்டம் தெரிந்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டு தாள்களிலும் குற்றமே இல்லை.

‘நேர எல்லை வைத்திருக்கிறோமே’ என்று மென்பொருள் வழங்குநர்கள் சொல்வதுண்டு. நேர எல்லை என்பது குறித்த நேரத்துக்கு மேல் காத்திருப்பதைக் கைவிடுவது; அது வட்டத்தைக் கண்டறிதல் அன்று. மெதுவாக ஆனால் ஒழுங்காக நடக்கும் வேலைக்கும், ஒருபோதும் முடியாத வேலைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் வழமையான அமைப்பில் 1 செக்கன் காத்திருப்புக்குப் பின் வட்டம் இருக்கிறதா என்று தேடுகிறது, ஆனால் தன் சேர்வருக்குள் மட்டுமே தேடுகிறது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் பதிவுப் பூட்டுக்கான வழமையான நேர எல்லை 50 செக்கன்; அது கழிந்ததும் காத்திருந்த அந்த ஒரு கட்டளை மட்டுமே கைவிடப்படுகிறது, பரிவர்த்தனை ஏற்கெனவே எடுத்த பூட்டுகள் அப்படியே இருக்கின்றன. நிரல் எழுதியவர் முழுப் பரிவர்த்தனையையும் தாமே திருப்பிவிடாவிட்டால், மறுபக்கத்தில் நிற்பவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. இதை அறியாத நிரலாளர்கள் எத்தனையோ பேரைச் சந்தித்திருக்கிறேன். அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சொல்லிக்கொடுக்க விடயம் இல்லாமல் இல்லை. மணி சாண்டி (சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர்), ஜயதேவ் மிஸ்ரா, லோரா ஹாஸ் ஆகியோர் 1983 இல் வெளியிட்ட முறை பள்ளி மாணவருக்கும் விளங்கக்கூடியது. தடைப்பட்டு நிற்கும் ஒரு செயல், தான் யாருக்காகக் காத்திருக்கிறதோ அவருக்கு ஒரு சிறு செய்தி அனுப்புகிறது. தேடலைத் தொடங்கியவர், அனுப்புபவர், பெறுபவர் என்ற மூன்று அடையாளங்களே அதில் இருக்கும். பெற்றவரும் தடைப்பட்டு நின்றால் அதைத் தாம் காத்திருப்பவருக்கு அனுப்பிவைப்பார். தடையின்றி இயங்கிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுவார். போன செய்தி தொடங்கியவரிடமே திரும்பி வந்தால் வட்டம் உறுதியாகிறது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்ற முழு வரைபையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் ஒபர்மார்க் 1982 இல் விபரித்த முறையோ, காத்திருப்புப் பாதைகளையே ஒரு சேர்வரிலிருந்து மற்றதற்குத் தள்ளிவிடுகிறது. இவற்றில் எதையும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1979 இல் வெளியான ஒரு முறையில் பிழை இருப்பதை அடுத்த ஆண்டே வேறு இருவர் காட்டினார்கள். செய்தி பிந்தி வருவதால், உண்மையில் அவிழ்ந்துவிட்ட வட்டம் இன்னும் இருப்பதுபோலத் தோன்றி, குற்றமற்ற பரிவர்த்தனை பலியாவதும் உண்டு.

வட்டம் தோன்றவே விடாத வழியும் இருக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தொடங்கிய நேரத்தைக் கொடுத்து, மூத்தது இளையதைக் கலைக்கலாம் (இடையில் நிறுத்தித் தொடக்கத்துக்கே திருப்பலாம்), இளையது மூத்ததற்காகக் காத்திருக்கலாம் என்று விதித்துவிட்டால், காத்திருப்பு ஒரே திசையில்தான் போகும். 1978 இல் முன்வைக்கப்பட்ட இவ்விதியைக் கூகிளின் ஸ்பானர் தரவுத்தளம் கைக்கொள்கிறது. கலைக்கப்பட்டது பழைய நேரத்துடனேயே மீண்டும் தொடங்குவதால், ஒருநாள் அதுவே மூத்ததாகிவிடும். நாங்கள் செய்தது இன்னும் எளியது: மாற்றம் எங்கே தொடங்கினாலும், கிளை இலக்கத்தில் சிறியதையே முதலில் பூட்ட வேண்டும் என்று நிரலைத் திருத்தினோம். அந்த உர மாற்றங்களில் முட்டுக்கட்டை அதற்குப் பின் வரவில்லை. எல்லா வேலைக்கும் எந்தப் பதிவுகள் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிவதில்லை என்பதால், இத்திருத்தம் எல்லா இடத்துக்கும் போதுமானது என்று சொல்ல மாட்டேன்.

எனவே நம் பகுதியில் பல கிளைகளுக்கான மென்பொருளுக்கு விலைமனுக் கோருவோர், சேர்வர்களைத் தாண்டிய வட்டத்தை உங்கள் அமைப்பு எப்படிக் கண்டறிகிறது, எதைக் கலைக்கிறது, கலைத்ததை எங்கே பதிகிறது என்று எழுத்தில் கேட்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனையும் செய்ய வேண்டும். மென்பொருளின் சோதனைப் பிரதியில் இரு கிளை ஊழியர்களும் எதிரெதிரான மாற்றங்களைத் தொடங்கி, முதற் பூட்டை எடுத்ததும் நிறுத்தி, தொலைபேசியில் சொல்லிவைத்து ஒன்றாகத் தொடரட்டும். எத்தனை செக்கனில் எந்தப் பக்கம் விலகியது, திரையில் ஊழியருக்கு என்ன செய்தி வந்தது, மறுபக்கத்து மாற்றம் முழுமையாக முடிந்ததா என்பவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே பொறுப்பேற்க வேண்டும்.

இங்ஙனம்,
தரவுத்தளப் பாட ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.