சொன்னவரைப் பற்றி எழுதிவிட்டீர்கள், சொன்னதைப் பற்றி எப்போது?

அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் உளவுத்துறை நிரந்தரத் தேர்வுக் குழுவின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2016 செப்டம்பரில் உங்கள் குழு, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் (என்எஸ்ஏ) ரகசிய ஆவணங்களை 2013இல் வெளிக்கொணர்ந்த எட்வர்ட் ஸ்னோடனைப் பற்றி இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவாக 36 பக்க அறிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டு, முதலில் அதன் சுருக்கத்தை மட்டும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. அந்தச் சுருக்கம் அவரைத் தொடர்ந்து மிகைப்படுத்திப் பேசுபவர் என்றும், இல்லாததைப் புனைபவர் என்றும் முடிவு கட்டியது. அன்று குழுவில் இருந்த இரு கட்சி உறுப்பினர்களும் ஒருவர் விடாமல் கையெழுத்திட்டு, அவருக்கு மன்னிப்பு வழங்க வேண்டாம் என்று அதிபர் ஒபாமாவுக்குக் கடிதம் அனுப்பினார்கள். இன்றைய உறுப்பினர்களில் பலர் அப்போது குழுவில் இல்லை என்பதை அறிவேன். ஆனாலும் அறிக்கை குழுவின் பெயரில் நிற்கிறது. கண்காணிப்பைப் பற்றி உள்ளிருந்து வாய் திறந்தவர்களை நம்பலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். எனவே உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் உங்கள் நாட்டுக் குடிமகன் அல்லன், சென்னையில் வசிப்பவன். உங்கள் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702ஆம் பிரிவு குறிவைப்பது அமெரிக்காவுக்கு வெளியே உள்ள, அமெரிக்கர் அல்லாதவர்களை, அதாவது என்னைப் போன்றவர்களை. ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணம் ஒன்றின் கணக்குப்படி, 2013 மார்ச்சில் முடிந்த 30 நாள்களில் இந்தியாவிலிருந்து தேசியப் பாதுகாப்பு முகமை திரட்டிய தகவல்களின் எண்ணிக்கை 630 கோடி. உலக நாடுகளின் வரிசையில் இந்தியாவுக்கு ஐந்தாம் இடம். அந்த ஆவணத்தைக் கொண்டுவந்தவரை நம்புவதா வேண்டாமா என்பது எங்களுக்கும் உரிய கேள்வி என்று கருதுகிறேன்.

உங்கள் சுருக்கம் அவரைப் பொய்யர் என்று நிறுவ முன்வைத்த சான்றுகளை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கால் முறிந்ததால் ராணுவப் பயிற்சியை விட்டு விலகியதாக அவர் சொன்னார், உண்மையில் அது வெறும் முழங்கீழ் எலும்பு வலிதான் என்றது. உயர்நிலைப் பள்ளிக்கு இணையான சான்றிதழ் பெற்றதாகச் சொன்னார், பெறவேயில்லை என்றது. உளவுத்துறையில் தாம் வகித்த பதவியைப் பெரிதாக்கிச் சொன்னார் என்றது. ஸ்னோடனின் ஆவணங்களை நேரில் பெற்ற பத்திரிகையாளர்களுள் ஒருவரான பார்ட்டன் கெல்மன், அந்தச் சுருக்கம் வெளியான சில நாள்களிலேயே பதில் எழுதினார். இரு கால்களிலும் எலும்பு முறிவு இருந்ததை ராணுவப் பதிவும், 2004இல் சான்றிதழ் வழங்கப்பட்டதை மேரிலாந்து மாநிலக் கல்வித் துறையின் பதிவும் காட்டுவதாக அவர் குறிப்பிட்டார். ஒருவரைப் புனைபவர் என்று எழுதிய அறிக்கைக்கு எதிராக இப்படிக் குறிப்பான மறுப்பு வந்தால், அதற்கு அதே அளவு குறிப்பான பதிலைப் பொதுவெளியில் தருவதுதானே முறை.

ஆனால் என் முதன்மையான குறை இதுவன்று. மூன்று குற்றச்சாட்டுகளும் முழுக்க முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 2013 ஏப்ரல் 25ஆம் தேதி நீதிபதி ரோஜர் வின்சன் கையெழுத்திட்ட ரகசிய நீதிமன்ற ஆணைக்கும் ஸ்னோடனின் கால் எலும்புக்கும் என்ன தொடர்பு? வெரைசான் நிறுவனத்தின் வணிகப் பிரிவு தன் வாடிக்கையாளர்களின் எல்லா அழைப்பு விவரங்களையும் (யார் யாரை எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தார் என்பவை), உள்ளூர் அழைப்புகள் உட்பட, நாள்தோறும் முகமையிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது அந்த ஆணை. அது ஜூன் 5ஆம் தேதி கார்டியன் இதழில் வெளியான மறுநாளே, அப்படி ஒரு திட்டம் இருப்பதைத் தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் தம் அறிக்கையில் ஒப்புக்கொண்டுவிட்டார். வாய்மொழிச் சாட்சி என்றால் சொல்பவரின் நேர்மையை எடைபோடத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆவணத்தோடு வரும் சாட்சி அப்படியல்ல; ஆவணம் மெய்யா என்பதே அங்கே முதல் கேள்வி, அதற்கு அரசே விடை சொல்லிவிட்டது.

அதே கிளாப்பர், அதற்கு மூன்று மாதம் முன்பு, 2013 மார்ச் 12 அன்று செனட் குழுவின் முன் அமர்ந்திருந்தார். கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி முகமை ஏதேனும் தகவல் திரட்டுகிறதா என்று செனட்டர் ரான் வைடன் கேட்டபோது, இல்லை என்றும், தெரிந்து செய்வதில்லை என்றும் பதிலளித்தார். பின்னர், அந்தப் பதில் தெளிவாகவே பிழையானது என்று அவரே கடிதம் எழுத நேர்ந்தது.

உங்கள் அறைக்குள்ளேயே நடந்ததையும் சொல்ல வேண்டும். 2013 ஜூன் 18 அன்று உங்கள் குழு நடத்திய விசாரணையில் முகமையின் தலைவர் கீத் அலெக்சாண்டர், இந்தத் திட்டங்கள் உலகெங்கும் 50க்கும் மேற்பட்ட பயங்கரவாதச் சதிகளைத் தடுக்க உதவின என்றார். விரைவிலேயே அந்த எண் 54 என்று ஊடகங்களில் நிலைபெற்றது. அக்டோபர் மாதம் செனட்டர் பேட்ரிக் லீஹி துருவிக் கேட்டபோது, 54உம் முறியடிக்கப்பட்ட சதிகள் அல்ல என்பதையும், அவற்றில் 13 மட்டுமே அமெரிக்காவோடு தொடர்புடையவை என்பதையும் அலெக்சாண்டர் ஒப்புக்கொண்டார். அழைப்பு விவரத் திட்டம் மட்டுமே கைகொடுத்த வழக்கு என்று எஞ்சியது, சான் டியகோவில் டாக்சி ஓட்டிய பசாலி மோலின் என்பவர் சோமாலியாவின் அல் ஷபாப் அமைப்புக்கு சுமார் 8,500 டாலர் அனுப்பிய வழக்கு. அதையும் உங்கள் முன்தான் பெருமையாக எடுத்துரைத்தார்கள். 2014 ஜனவரியில், தனியுரிமை மற்றும் குடிமை உரிமைகள் மேற்பார்வை வாரியம், அமெரிக்காவுக்கு வந்த எந்த அச்சுறுத்தலின் விசாரணையிலும் இந்தத் திட்டம் முடிவை மாற்றியதற்கு ஒரு சான்றுகூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்று எழுதியது. 2015 மே 7 அன்று நியூயார்க்கில் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் அனுமதித்த எல்லையைத் திட்டம் மீறிவிட்டது என்றது. 2020 செப்டம்பர் 2 அன்று ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் மோலினின் தண்டனையை உறுதிசெய்தது. ஆனால் அதே தீர்ப்பில், அழைப்பு விவரத் திரட்டு சட்டத்தை மீறியது என்றும், அவ்வழக்கில் அதன் பங்கு பற்றி அதிகாரிகள் பொதுவெளியில் உண்டாக்கிய எண்ணம் ரகசியப் பதிவுகளோடு பொருந்தவில்லை என்றும் எழுதியது.

இத்தனைக்கும் பிறகு, உங்கள் குழுவின் முன் உண்மைக்குப் புறம்பான எண்ணத்தை விதைத்த அதிகாரிகளைப் பற்றி 36 பக்க அறிக்கை ஏதும் வந்ததாக நான் அறியேன். நம்பகத்தன்மையை அளப்பதென்றால் இரு பக்கமும் ஒரே கோலால் அளக்க வேண்டும். ரகசியப் பதிவுகள் முழுவதும் அரசின் கையில் இருக்கும் இடத்தில், அரசு அதிகாரியின் சொல்லைத்தான் இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்பது என் துணிபு. வெளியே நிற்கும் எங்களால் அதைச் சரிபார்க்க இயலாது. உங்களால் இயலும், அதற்காகவே 1977இல் உங்கள் குழு அமைக்கப்பட்டது.

உள்ளிருந்து பேசிய எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்று நான் வாதிடவில்லை. என்னாலும் அது முடியாது. அவர்களுள் எனக்கு மிகுந்த நம்பிக்கை அளிப்பவர் ஸ்னோடன்கூட அல்லர். ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியாளராக இருந்த மார்க் கிளைன்தான். சான் பிரான்சிஸ்கோவின் 611 ஃபோல்சம் தெருக் கட்டடத்தில், ஒளியிழைக் கம்பிகளில் செல்லும் இணையப் போக்குவரத்து பிரிப்பான் வழியாக இரண்டாகப் பிரிந்து, ஒரு பிரதி, முகமைக்காக அமைக்கப்பட்டதாக அவர் சொன்ன 641ஏ என்ற பூட்டிய அறைக்குள் போவதை அவர் வேலையின் போக்கில் கண்டார். 2006 ஜனவரியில் நிறுவனத்தின் உள்தாள்களோடு இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் பவுண்டேஷன் அமைப்பின் வாசலுக்குப் போனார். எந்தக் கம்பி எங்கே இணைந்தது, அறைக்குள் என்ன கருவி இருந்தது என்பதோடு அவர் சாட்சியம் நின்றது. அறைக்குள் யார் யாருடைய மின்னஞ்சலைப் படித்தார்கள் என்று கதை கட்டவில்லை. தாள்கள் போலி என்று நிறுவனம் சொல்லவில்லை. அந்த அமைப்பு தொடுத்த வழக்கில், தங்கள் வணிக ரகசியம் வெளியாகிறது என்றுதான் நீதிமன்றத்தில் முறையிட்டது. அந்தச் சாட்சியத்தை நீதிமன்றம் முழுமையாக விசாரிப்பதற்கு முன்பே, 2008 ஜூலையில் உங்கள் நாடாளுமன்றம் தொலைபேசி நிறுவனங்களுக்கு முன்தேதியிட்ட சட்டப் பாதுகாப்பு வழங்கி வழக்கின் வாயை அடைத்தது. ஒரு சாட்சியைச் சோதித்துப் பார்க்கும் வழியை மூடிவிட்டு, பிறகு அவர் சொன்னது நிரூபிக்கப்படவில்லை என்று யாரும் சொல்வது நியாயமாகாது.

வில்லியம் பின்னியை நான் இரண்டாகப் பிரித்தே பார்க்கிறேன். முகமையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய கணிதவியலாளர் அவர். முகமையின் டிரெயில்பிளேசர் என்ற கண்காணிப்புத் திட்டம் பெரும் பணத்தை விழுங்கிவிட்டுப் பயனற்றுப் போகிறது என்று 2002இல் அவரும் உடன் பணியாற்றியோரும் பாதுகாப்புத் துறைத் தலைமை ஆய்வாளரிடம் கொடுத்த புகார், தம் துறையை நன்கறிந்தவர்களின் புகார். அந்தத் திட்டத்தை 2006இல் முகமையே கைவிட்டது. ஆனால் 2016இல் ஜனநாயகக் கட்சியின் கணினிகளிலிருந்து கோப்புகள் வெளியேறியது ஊடுருவலால் அல்ல, உள்ளிருந்த யாரோ கசியவிட்டதால் என்று அவர் பிற்காலத்தில் வாதிட்டபோது, அவர் கையில் இருந்தது கோப்பு நகர்ந்த வேகத்தைப் பற்றிய ஊகம் மட்டுமே. அவரோடு ஒரே அமைப்பில் இருந்த முன்னாள் உளவுத்துறையினர் சிலரே அதை ஏற்கவில்லை. முகமையின் முன்னாள் பணியாளரான ரஸ்ஸல் டைஸ் 2013இல், 2004ஆம் ஆண்டிலேயே ஒபாமாவின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது என்றார். ஆவணம் ஏதும் காட்டவில்லை. இவற்றை நம்ப எனக்குக் காரணம் இல்லை. ஆனால் இவற்றை நம்பாததால் டிரெயில்பிளேசர் புகார் பொய்யாகிவிடாது.

ஸ்னோடனிடமும் அப்படியே. தம் மேசையில் இருந்தபடியே, மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தால், அதிபரையே ஒட்டுக்கேட்க முடியும் என்று அவர் முதல் நேர்காணலில் சொன்னது, கருவி எட்டும் தொலைவையும் சட்டம் தந்த அதிகாரத்தையும் ஒன்றாகக் குழப்புகிறது. இணைய நிறுவனங்களிடமிருந்து பயனர் தரவைத் திரட்டும் பிரிசம் திட்டத்தில், முகமை அந்நிறுவனங்களின் சேவையகங்களுக்குள் நேரடியாக நுழைகிறது என்று முதல் நாள் செய்திகள் எழுதியதும் சரியல்ல. சட்ட ஆணையின்பேரில், எஃப்பிஐ வழியாக, குறிப்பிட்ட கணக்குகளின் தரவு கேட்டுப் பெறப்படுகிறது என்பது பின்னர் தெளிவானது. பத்துக்கும் மேற்பட்ட அதிகாரிகளிடம் முன்கூட்டியே எச்சரித்ததாக அவர் சொல்வது தொடர்பாக முகமை வெளியிட்ட 2013 ஏப்ரல் மின்னஞ்சல், எந்தச் சட்டம் எதற்கு மேலானது என்று கேட்கும் பாடக் கேள்வியாக இருக்கிறதே தவிர, புகாராக இல்லை. இது அவருக்குப் பாதகமான சான்று என்றே கொள்கிறேன். உள்நாட்டுக் கண்காணிப்போடு தொடர்பற்ற ஆவணங்களையும் அவர் எடுத்துச் சென்றார் என்ற உங்கள் குற்றச்சாட்டு கனமானது. 2022இல் ரஷ்யக் குடியுரிமை பெற்று அங்கேயே வாழ்பவர் ரஷ்யாவைப் பற்றிச் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் நான் பொருட்படுத்துவதில்லை.

முறையான வழியில் வந்திருக்கலாமே என்பது உங்கள் தரப்பின் நிலையான வாதம். அப்படி வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது அந்த வாதத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை. 2002 புகாரில் பின்னியோடு கையெழுத்திட்டவர்களுள் டயான் ரோர்க், உங்கள் குழுவிலேயே முகமையின் கணக்குகளைக் கவனித்துவந்த பணியாளர். 2007 ஜூலை 26 காலையில் எஃப்பிஐ அதிகாரிகள் அவர் வீட்டிலும், பின்னி முதலான மற்றவர்கள் வீட்டிலும் சோதனையிட்டார்கள். பின்னி குளியலறையில் இருந்தபோதே துப்பாக்கி முனையில் நிறுத்தப்பட்டார். ஆய்வாளரின் தணிக்கைக்குச் சாட்சியம் அளித்த முகமை அதிகாரி தாமஸ் டிரேக்கின் வீடு நவம்பரில் சோதிக்கப்பட்டது. 2010இல் அவர்மீது பத்துக் குற்றச்சாட்டுகள், 35 ஆண்டு வரை சிறை. 2011 ஜூனில் பத்தும் கைவிடப்பட்டு, கணினியை அனுமதி மீறிப் பயன்படுத்தியதாக ஒரு சிறு குற்றம் மட்டும் மிஞ்சியது. தண்டனை ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 240 மணிநேரச் சமூகப் பணியும். அவரை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்ததை நீதிபதி ரிச்சர்ட் பென்னெட் தண்டனை நாளிலேயே கண்டித்தார். ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடனுக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்காது. உளவுத்துறை ஒப்பந்த ஊழியர்களுக்கென்றே பழிவாங்கலிலிருந்து சட்டப் பாதுகாப்பு வந்தது 2018 ஜனவரியில்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். 2016 அறிக்கையின் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் அதற்கான சான்றோடு மீண்டும் பரிசீலித்து, கால் முறிவும் பள்ளிச் சான்றிதழும் உட்படப் பிழையானவற்றைத் திருத்தி வெளியிடுங்கள். ஸ்னோடன் வெளிப்படுத்திய செய்திகளில் எவை உறுதியாயின, எவை மிகையாயின, எவை பொய்யாயின என்று தனித்தனியாக எழுதுங்கள். 2013 ஜூன் 18 விசாரணையில் அதிகாரிகள் உங்களிடம் சொன்னவற்றையும் அதே தாளில், அதே அளவுகோலில், ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் பார்த்த ரகசியப் பதிவுகளோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

இன்னொன்றும் உங்கள் கையில் உள்ளது. 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின்கீழ் வழக்கை எதிர்கொள்பவர், தாம் வெளியிட்டது பொதுநலனுக்காக என்பதை நடுவர் குழுவிடம் எதிர்வாதமாக வைக்க இன்று வழியில்லை. அதற்கு இடம் கிடைத்தால் திரும்பி வந்து வழக்கைச் சந்திப்பதாக ஸ்னோடன் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் பொய்யர் என்று நீங்கள் உறுதியாக நம்பினால், அந்த எதிர்வாதத்தை அனுமதிக்கும் திருத்தத்தை நீங்களே அவையில் கொண்டுவாருங்கள். குறுக்கு விசாரணையில் அவரும் நிற்கட்டும், அவரை மறுக்கும் அதிகாரிகளும் நிற்கட்டும்.

மதிப்புடன்,
சென்னையிலிருந்து ஒரு குடிமகன்