ஒன்றும் இரண்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கோத்தகிரியில் நானும் அம்மாவும் நலம். தாத்தாவின் துப்பாக்கிகளை உனக்கும் உன் அண்ணனுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுங்கள் என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னாய். விட்டுக்கொடுக்கும் மனத்தோடு சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பங்கீடு வேண்டாம். இரண்டும் உன்னிடமே வர வேண்டும் என்பது என் விருப்பம்.

அவை முதல் உலகப் போருக்கு முன் லண்டன் பர்டி பட்டறையில், ஒரே மனிதரின் தோளுக்கும் கை நீளத்துக்கும் அளவெடுத்து, அடுத்தடுத்த எண்களோடு செய்யப்பட்ட 12 போர் (bore, குழலின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிகள். அக்காலத்து இங்கிலாந்தில் ஆட்கள் புதர்களைத் தட்டிக் கலைத்து, ஃபெசன்ட் பறவைகளை வரிசையாக நிற்பவர்களின் தலைக்கு மேலே பறக்க விடுவார்கள். சுடுபவர் இரண்டு குழலையும் சுட்டு முடித்ததும், பின்னால் நிற்கும் உதவியாள் தோட்டா போட்ட மற்றொன்றை நீட்டுவான். வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிச் சுட வேண்டுமானால், வந்தது எந்தத் துப்பாக்கி என்று கைக்கே தெரியக் கூடாது. அதற்காகவே எடையும் சமநிலையும் விசையின் இழுப்பும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி இழைத்தார்கள். சென்னை ரிப்பன் கட்டடத்துக்குப் பெயர் தந்த வைஸ்ராயின் மகன், அவரும் பின்னாளில் ரிப்பன் பிரபு ஆனவர், மூன்று பர்டி துப்பாக்கிகளும் இரண்டு உதவியாட்களுமாகச் சுடுவார். 1923 செப்டம்பர் 22 அன்று யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் 52 பறவைகளை வீழ்த்திய பிறகு, அங்கேயே சரிந்து உயிர்விட்டார். அத்தனை உயிர்களைக் கொன்றதை நான் மெச்சவில்லை. ஆனால் அந்த வேட்டை முறை இல்லையென்றால் இப்படியொரு ஜோடி பிறந்திருக்காது.

சிறுவயதில் நீ கவனித்திருக்க மாட்டாய். துப்பாக்கியைத் திறக்க மேலே உள்ள நெம்புகோலிலும் குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையிலும் 1, 2 என்று தங்கத்தில் பதித்திருக்கிறார்கள். நெம்புகோலில் உள்ள 1 கட்டைவிரல் பட்டுப்பட்டு மழுங்கிப் பாதிதான் தெரிகிறது. 2 இன்னும் கூர்மையாக இருக்கிறது. முதல் சொந்தக்காரர் தனியாகப் போன நாட்களில் ஒன்றாம் எண்ணைத்தான் எடுத்துப் போயிருக்க வேண்டும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன்.

அவரிடமிருந்து நீலகிரிக்கு வந்த ஒரு தோட்டத் துரைக்கும், நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளில் அவர் ஊர் திரும்பியபோது தோட்டத்தோடு சேர்த்து உன் தாத்தாவுக்கும் இவை கைமாறின. ஒன்றாம் எண்ணை மட்டும் கேட்டு வேறொருவர் நல்ல விலை சொன்னதாகவும், துரை மறுத்துவிட்டதாகவும் தாத்தா சொல்வார். தோல் பெட்டியின் மூடியில் முதல் சொந்தக்காரரின் மூன்று எழுத்துகள் இருக்கின்றன. தன் பெயரை எழுதிக்கொள்வதற்காகத் தாத்தா அவற்றைச் சுரண்டவில்லை. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அவர் ஒரு தோட்டாவும் சுடவில்லை. எண்ணெய் துடைப்பது மட்டும் நிற்கவில்லை.

நான் ஒரு பிழை செய்தேன். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் முன்கட்டைகளை, அதாவது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்துண்டுகளை, ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டிவிட்டார்கள். நான் இரண்டு ஆண்டுகள் கழித்து, மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே முடியளவு இடைவெளி தெரிந்தபோதுதான் உணர்ந்தேன். ஒரே அச்சாகத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் தன் துண்டைத்தான் ஏற்கும் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

இனிச் சட்டத்தைப் பற்றி. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வாரிசாக வந்தாலும் அதே வரம்புதான். அண்ணனிடம் கூலிப் பணம் எடுத்துவரும் நாட்களுக்கென ஒரு ரிவால்வர் இருக்கிறது. ஆகவே ஜோடியை அவன் பெயருக்கு மாற்றவும் வழியில்லை. உன்னிடம் ஒன்றும் இல்லை. எழுபது வயது கடந்தவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித் தர 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. எனக்கு அந்த வயது எப்போதோ ஆகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. இவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. இன்று கடையில் எளிதில் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே நுழைந்துவிடும் என்பதுதான் ஆபத்து. யார் என்ன சொன்னாலும் அதைப் போடாதே.

தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து வாங்கிய ரசீதுகள், தாத்தாவின் உரிமப் புத்தகம், துரை எழுதிக் கொடுத்த விற்பனைச் சீட்டு எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். துப்பாக்கிகள் எங்கே போனாலும் அந்தப் பெட்டியும் கூடவே போக வேண்டும். சித்திரையில் வரும்போது ஆட்சியர் அலுவலகத்துக்குச் சேர்ந்தே போகலாம். ஆட்சேபணை இல்லை என்று அண்ணன் நேற்றே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டான். அந்தத் தாள் துரையின் சீட்டுக்கு மேலே இருக்கிறது.

அன்புடன்,
அப்பா