பீடி சுற்றும் பெண்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் போட்டி, புது நாற்காலி, சந்தா பாக்கி இதையெல்லாம் பொருளாளர் அக்கா கணக்கோடு சேர்த்துச் சொல்லிவிடுவார். நான் மார்பகப் புற்றுநோய் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன், இந்த வருஷம் நம் நேரமெல்லாம் அதற்குத்தான் போனது.

கட்டி இருப்பது தெரிந்தும் நம் பெண்கள் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். வலி இல்லையே, அதனால்தான். தெற்குத் தெருவில் ஒரு அக்கா, மடியில் சுளவை வைத்து இலை வெட்டியபடியே, "பால் கட்டுன இடந்தான், தைலம் தேய்ச்சிருக்கேன்" என்றார். அவருடைய கடைசிப் பிள்ளை காலேஜில் படிக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகவே பார்க்கிறார்கள். கையால் தடவிப் பார்த்து என்ன தெரியும் என்று பலர் கேட்டீர்கள். மும்பை டாடா மருத்துவமனை அங்குள்ள ஏழைக் குடியிருப்புகளில் இதைச் செய்து, மொத்தம் 20 வருஷம் கவனித்துப் பார்த்து, 2021-இல் முடிவைச் சொன்னது: பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் சோதித்ததில், 50 வயது தாண்டியவர்களிடம் இந்த நோயால் வரும் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது.

சரி, கட்டி கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்தான் பெரும்பாடு. கட்டியைக் காட்டிய 60 நாளுக்குள் நோய் இன்னதென்று சொல்லிவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் உறுப்பினர் ஒருவரைச் சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கே நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று அலையவிட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, ஆபரேஷனும் கீமோவும் அதில் ஆகிவிடும். ஆனால் கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் என்று பல வாரம் திருநெல்வேலி போய்வர வேண்டும். நமக்கு டிக்கெட் இல்லாதது டவுன் பஸ்ஸில் மட்டும்தான், தென்காசியிலிருந்து போகிற பஸ்ஸில் காசு கொடுத்தாக வேண்டும். கூட வருகிறவருக்கும் அன்றைய கூலி போய்விடும். பீடியை எண்ணிக் கொடுத்தால்தானே நமக்குக் காசு, லீவு போட்டால் யார் தருவார்கள்? ஆபரேஷன் வரை தைரியமாக வந்துவிட்டு இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள், எனக்கு மனசு ஆறவே இல்லை.

அதனால் ஒரு தீர்மானம் வைக்கிறேன். ஆண்டுவிழாவுக்கு ஒதுக்கும் பணம் இனி நோயாளிகளின் பஸ் செலவுக்குப் போகட்டும். துணைக்கு முறை வைத்துப் போவோம். கதிர்வீச்சு முடிகிற வரை அவர் சுற்ற வேண்டிய பீடியை அந்தத் தெருக்காரர்கள் பங்கு போட்டுச் சுற்றி, கூலியை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஆட்சேபம் இருப்பவர்கள் இப்போதே சொல்லுங்கள், துணைக்குப் போக முடிந்தவர்கள் நோட்டில் பேர் எழுதிவிட்டுப் போங்கள்.