மேடையில் இரண்டு கண்ணாடிப் புட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் தினத்தையும் பருவநிலைப் பாதுகாப்பையும் ஒரே பந்தலில் கொண்டாடுவது நல்ல ஏற்பாடு. ஆனால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நினைவுப் பரிசு, கடைசியில் ஒரு மரக்கன்று, அவ்வளவுதான். சாதித்த பெண்ணின் பெயர் மைக்கில் ஒலிக்கிறது. அவர் செய்தது என்ன என்பது யாருக்கும் தெரிவதில்லை. அதை அங்கேயே செய்து காட்டிவிடலாமே.

அமெரிக்க அறிவியலாளர் யூனிஸ் ஃபுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1848-ல் அமெரிக்காவின் செனிகா ஃபால்ஸ் ஊரில் நடந்த மாநாட்டின் பெண்ணுரிமைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது, ஆறுவதற்கும் பல மடங்கு நேரம் பிடித்தது. காற்றில் அந்த வாயு கூடினால் பூமியும் சூடேறும் என்று 1856-லேயே எழுதினார். அந்தக் கட்டுரையை அறிவியலாளர் கூட்டத்தில் வாசித்தவர் ஜோசப் ஹென்றி என்ற ஆண். மூன்று ஆண்டுகள் கழித்து இதே துறையில் ஆய்வு செய்த ஜான் டிண்டாலின் பெயர்தான் வெகுகாலம் நிலைத்தது.

இதை மாணவிகளே விழாவில் செய்யலாம். ஒரே அளவில் இரண்டு 1 லிட்டர் கண்ணாடிப் புட்டிகள், இரண்டு ஆய்வக தெர்மாமீட்டர்கள் போதும் (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, 42 டிகிரியோடு நின்றுவிடும்). மூன்றாவது புட்டியில் 10 கிராம் சமையல் சோடாவும் 150 மில்லி வினிகரும் சேர்த்தால் 2 லிட்டருக்கும் மேல் வாயு வரும். அதைக் குழாய் வழியாக ஒரு புட்டியின் அடிவரை செலுத்த வேண்டும்; மற்றதில் வெறும் காற்றே இருக்கட்டும். கரியமில வாயு கனமானது, அடியில் தங்கிக் காற்றை மேலே தள்ளும். வாய் அருகே கொண்டுபோன தீக்குச்சி அணைந்தால் புட்டி நிரம்பிவிட்டது. வாயு உண்டாகும் புட்டியை மட்டும் குழாயின்றி இறுக மூடிவிடக் கூடாது, வெடித்துவிடும்.

பலர் தவறுவது ஒரே இடத்தில். சோடாவையும் வினிகரையும் சோதனைப் புட்டிக்குள்ளேயே கலந்துவிடுகிறார்கள். அந்த வினை வெப்பத்தை உறிஞ்சுவது. புட்டி குளிர்ந்துபோய், உள்ளே ஈரமும் சேர்ந்து, கணக்கு தொடக்கத்திலேயே கெடும். இரண்டு தெர்மாமீட்டர் குமிழ்களும் ஒரே ஆழத்தில், நேர் வெயில் படாதபடி அட்டை மறைப்போடு இருக்கட்டும். முதலில் 10 நிமிடம் நிழலில் வைத்து இரண்டும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். பிறகு 20 நிமிடம் வெயிலில், அதன்பின் மீண்டும் நிழலில்; நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புட்டிக்குள் நடப்பதும் வானத்தில் நடப்பதும் அப்படியே ஒன்றல்ல. வானத்தில் இந்த வாயு, பூமியிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரை (கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்) உறிஞ்சிக்கொள்கிறது. புட்டியில் கதை வேறு. கரியமில வாயு கனமானது, வெப்பத்தை மெதுவாகவே கடத்துவது. புட்டியில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அதனால்தான். அந்தக் கதிரை உறிஞ்சாத ஆர்கான் வாயுவை அடைத்தாலும் ஏறத்தாழ இதே முடிவுதான் வரும். அகச்சிவப்புக் கதிரைப் பிரித்து அளக்க ஃபுட்டிடம் கருவி இல்லை, அதைச் செய்தவர் டிண்டால். இப்படிச் சொல்வதால் ஃபுட்டின் பெருமை குறையாது. கேள்வியைச் சரியாகக் கேட்டவர் அவர்தான்.

மரக்கன்றுக்கு வருவோம். கென்யாவில் வாங்காரி மாத்தாய் 1977-ல் தொடங்கிய பசுமை வளைய இயக்கம், பிழைத்த கன்றுகளை எண்ணித்தான் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தது. 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் விழாக்களிலோ நட்ட எண்ணிக்கை மட்டும் செய்தியாகிறது. படம் பிடிக்கும் அவசரத்தில் நாற்றங்கால் பையைக் கிழிக்காமலே குழியில் இறக்குவதும், அடியில் சுருண்ட வேரை வெட்டிவிடாமல் நடுவதும், தண்டு மூழ்கும்வரை மண்ணைப் போடுவதும் நடக்கிறது. கோடை நெருங்கும்போது நடும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்றும் நிரலில் இல்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் நட்டுவிட்டு, மகளிர் தினத்தன்று உயிரோடு இருப்பவற்றை எண்ணி அறிவிக்கலாம். எத்தனை நட்டோம், எத்தனை பிழைத்தன, பட்டுப்போனவை எதனால் என்று மூன்று வரி. அழைப்பிதழில் விருந்தினர் பெயர்களுக்குக் கீழே அதற்கு இடம் இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளி அறிவியல் மன்றப் பொறுப்பாளர்கள் சிலர்